வாளி அச்சை விட்டு வருவது எப்படி?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பிளாஸ்டிக் யுகம் என்று சொன்னால் அது மிகையாகாது. அந்த யுகம் இன்னும் முடிந்தபாடில்லை. காலையில் கண் விழித்ததும் கையில் எடுக்கும் பல் துலக்கியிலிருந்து, இரவில் கதவருகே வைக்கும் தண்ணீர் வாளி வரை எல்லாம் அதன் ஆட்சிதான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை வந்தது. அது தேவையான தடை. ஆனால் இக்கட்டுரையில் நான் பேசப்போவது ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொருள்களைப் பற்றி: வாளி, நாற்காலி, பழக்கூடை, குப்பைத் தொட்டி, மோட்டார் வண்டியின் முன்காப்பு முதலியன.

இவையெல்லாம் எப்படி உருவாகின்றன என்று கேட்டால், "பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தினால் ஆயிற்று" என்று நம்மில் பலர் ஒரே வரியில் விடை சொல்லிவிடுவோம். விடை தவறன்று; ஆனால் பாதிதான். உருக்கிச் செலுத்துவது எளிது. உள்ளே போனதை உடையாமல், கோணாமல், வடுப்படாமல் வெளியே கொண்டுவருவதுதான் கடினம். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் புகுந்த கதை நமக்குத் தெரியும். நுழையத் தெரிந்தால் போதாது, வெளியேறவும் தெரிய வேண்டும். அச்சைப் பொறுத்தவரை அந்த வெளியேறும் வித்தையையே 'எஜெக்ஷன்' என்று பட்டறைகளில் சொல்கிறார்கள். அதன் பின்னே இருப்பவை பெரும்பாலும் நாம் முதல் இரண்டு ஆண்டுகளில் படிக்கும் இயற்பியல் விதிகளே. அவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

அச்சு என்பது என்ன?

அச்சு நமக்குப் புதியதன்று. கொழுக்கட்டை அச்சுக்கு எண்ணெய் தடவாமல் மாவை வைத்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செங்கல் அறுப்பவர் ஒவ்வொரு முறையும் சட்டத்தை நனைத்து மணலில் புரட்டி எடுப்பதும், இட்லி எடுக்கும் தாய் கரண்டியைத் தண்ணீரில் தோய்ப்பதும் ஒரே காரணத்துக்காகத்தான். இட்லிக் குழி செங்குத்தான சுவரோடு இல்லாமல் கிண்ணம்போல் சரிந்திருப்பதிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. அதைப் பின்னால் காண்போம்.

பிளாஸ்டிக்கை அழுத்தி அச்சில் செலுத்தும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் தம் சகோதரருடன் 1872இல் காப்புரிமை பெற்றார். அது ஒரு பெரிய ஊசிக்குழல் போன்றது. 1946இல் ஜேம்ஸ் வாட்சன் ஹென்ட்ரி, திருகு கொண்டு பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய பட்டறைகளில் ஓடுபவை பெரும்பாலும் அந்தத் திருகு வழியில் வந்தவைதாம். நம் மாநிலத்தைப் பொறுத்தவரை, சென்னை கிண்டியில் 1968இல் மைய அரசு தொடங்கிய 'சிப்பெட்' நிறுவனம் இத்துறைக்கு ஆள்களைப் பயிற்றுவிப்பதில் முன்நின்றது.

இயந்திரத்தில் பூட்டப்படும் எஃகு அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். ஒரு பாதி அசையாது நிற்கும். அதில் பொருளின் வெளிவடிவம் குழியாகக் குடையப்பட்டிருக்கும். இதற்குக் 'கேவிட்டி' என்று பெயர். மறு பாதி நகரும். அதில் பொருளின் உள்வடிவம் புடைப்பாக நிற்கும். இதற்குக் 'கோர்' என்று பெயர். தமிழில் குழி, கரு என்று சொல்லலாம். வாளியை எடுத்துக்கொண்டால், அதன் வெளிப்புறம் குழியால் ஆனது. உட்புறம் கருவால் ஆனது. இரண்டுக்கும் இடையே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியில் உருகிய பிளாஸ்டிக் பாய்ந்து நிரம்பிக் குளிர்கிறது. பிறகு நகரும் பாதி பின்வாங்க, அச்சு திறக்கிறது. வாளி கருவைக் கவ்விக்கொண்டு அதனுடனேயே வருகிறது. தள்ளும் கருவிகள் எல்லாம் நகரும் பாதியில்தான் இருக்கும் என்பதால், பொருள் கருவோடு வரவேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் விருப்பம். தப்பித் தவறிக் குழியிலேயே தங்கிவிட்டால், அதைத் தள்ள அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் இறுகப் பிடிக்கிறது?

கிராமத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, நெருப்பில் காய்ச்சி விரியச் செய்து, மரச் சக்கரத்தின்மீது இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்த பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆணி கூட அதிகம் தேவையில்லை. பிளாஸ்டிக் வாளி கருவைப் பற்றிக்கொள்வதும் அதே விதிப்படிதான். வேறுபாடு என்னவென்றால், வண்டிக்காரருக்கு அந்தப் பிடி வேண்டும். நமக்கு அது வேண்டாம்.

உலோகத்தைவிடப் பிளாஸ்டிக் மிக அதிகமாகச் சுருங்கும். வாளி, நாற்காலி செய்யப் பயன்படும் பாலிபுரொப்பிலீன் குளிரும்போது நூற்றுக்கு 1 முதல் 2.5 பங்கு வரை சுருங்குகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக வாளியைச் சரிவே இல்லாத நேர் உருளையாகக் கொள்வோம். விட்டம் 20 செ.மீ., உயரம் 25 செ.மீ., சுவரின் தடிப்பு 2 மி.மீ. கருவின்மேல் இருக்கும்போது அது சுருங்க முயன்று முடியாமல் தடுக்கப்பட்ட அளவு நூற்றுக்கு ஒன்று என்றும், சற்றுச் சூடாக இருக்கும் பிளாஸ்டிக்கின் யங் குணகம் 400 மெகாபாஸ்கல் என்றும் வைத்துக்கொள்வோம். தகைவு என்பது யங் குணகத்தைத் திரிபால் பெருக்குவது. எனவே சுவரில் 4 மெகாபாஸ்கல் தகைவு இருக்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால், வாளியைக் கழற்றத் தேவைப்படும் விசை ஏறத்தாழ 3,770 நியூட்டன் என்று வருகிறது. அதாவது 380 கிலோவுக்கும் மேற்பட்ட எடை!

இந்தக் கணக்கில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. விசைக்கான கோவையை எழுதிப் பார்த்தால் அதில் ஆரமே இல்லை. ஆரம் கூடினால் தொடும் பரப்பு கூடுகிறது. ஆனால் அதே அளவுக்கு அழுத்தம் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடுகின்றன. சுவரின் தடிப்பும் உயரமும்தான் மிஞ்சுகின்றன. ஆகவே அகலமான பொருளைவிட, ஆழமான, தடித்த பொருளே அச்சை விடாமல் பிடிக்கும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. வாளியின் அடிப்பாகம் கருவின் தலையோடு ஒட்டி இருக்கிறது. வாளியை இழுக்கும்போது அந்த இடத்தில் காற்று புக வழி இல்லாவிட்டால் வெற்றிடம் உண்டாகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் வாளியின் அடியைக் கருவோடு சேர்த்து அழுத்துகிறது. மக்டபர்க் நகரின் தலைவராயிருந்த ஆட்டோ வான் கெரிக், இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை நீக்கிவிட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்ததைப் பள்ளியில் படித்தோம் அல்லவா? அந்த 17ஆம் நூற்றாண்டுச் சோதனைதான் ஒவ்வொரு வாளியிலும் நிகழ்கிறது. 20 செ.மீ. விட்டமுள்ள அடிப்பாகத்தில் முழு வெற்றிடம் ஏற்படுவதாகக் கொண்டால் விசை ஏறத்தாழ 3,180 நியூட்டன். முன்னதையும் சேர்த்தால் சுமார் 6,950 நியூட்டன். ஏழு குவிண்டால் எடைக்குச் சமம். ஒரு வாளியின் பிடிவாதம் ஏழு மூட்டை அரிசி!

இதில் வெற்றிடத்தின் பங்கு ஆரத்தின் இருமடியாக உயரும். 40 செ.மீ. விட்டமுள்ள குப்பைத் தொட்டியில் அது நான்கு மடங்காகிச் சுமார் 1,300 கிலோ எடையைத் தொடும். பெரிய கொள்கலன்களில் சுருக்கத்தைவிடக் காற்றே பெரிய எதிரி என்பது இதனால் விளங்கும்.

சரிவு என்னும் தந்திரம்

இப்போது இட்லிக் குழிக்கு வருவோம். கருவின் பக்கங்களைச் செங்குத்தாக விடாமல் சற்றே சரிவாக அமைத்தால், பொருள் சிறிது நகர்ந்தவுடன் பிடி தளரும். நம் வீட்டு வாளிகள் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதற்கு அழகும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் வசதியும் மட்டும் காரணமல்ல. அச்சை விட்டு வெளியே வருவதற்காகவே அது அவ்வாறு பிறந்திருக்கிறது.

சாய்தளத்தில் வைத்த மரக்கட்டையைப் பற்றிய நம் பாடத்தை இங்கே அப்படியே பொருத்தலாம். சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட், உராய்வுக் கெழுவைவிடக் கூடினால் கட்டை தானே வழுக்கும். அதுபோலச் சுருங்கும் பொருளும் சரிவில் தன்னைத்தானே வெளியே தள்ள முயலும். உராய்வுக் கெழு 0.3 எனில் அதற்கு ஏறக்குறைய 17 பாகை சரிவு வேண்டும். அவ்வளவு சரிவை எல்லாப் பொருளுக்கும் கொடுக்க இயலாது. ஆயினும் 9 பாகை கொடுத்தாலே சுருக்கத்தால் வரும் பிடி ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதையும் சரிவுதான் தீர்மானிக்கிறது. நம் உருளையின் ஆரம் 10 செ.மீ.; அது நூற்றுக்கு ஒன்று சுருங்கக் காத்திருக்கிறது; அதாவது 1 மி.மீ. ஒரு பாகை சரிவுள்ள கருவில், அந்த 1 மி.மீ. இடைவெளி கிடைக்கப் பொருளை 57 மி.மீ. தள்ள வேண்டும். 5 பாகை சரிவு இருந்தால் 11 மி.மீ. தள்ளினால் போதும், பொருள் தளர்ந்துவிடும். பழக்கூடை போன்ற நேர்ச்சுவர்ப் பொருள்களுக்கு ஓரிரு பாகைகள்தான் கிடைக்கும். எனவே அங்கே தள்ளும் அமைப்பு நீண்ட தூரம் உழைத்தாக வேண்டும்.

மேற்பரப்பைப் பற்றியும் ஒரு சொல். கருவைக் கண்ணாடிபோல் பளபளப்பாக்கினால் பொருள் எளிதில் வழுக்கி வரும் என்று நமக்குத் தோன்றும். பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் போன்ற மென்மையான பிளாஸ்டிக்குகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கண்ணாடிப் பரப்பில் அவை காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே அனுபவம் உள்ள அச்சுத் தொழிலாளர், பொருள் கழலும் திசையிலேயே தேய்த்து, மிக நுண்ணிய கோடுகளை விட்டுவைப்பர். அக்கோடுகளின் வழியே காற்று உள்ளே நுழையும்.

தள்ளும் உறுப்புகள்

நம் கல்லூரி அரங்கில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஆங்காங்கே காசு போன்ற வட்ட வடுக்கள் தென்படும். அவை அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வட்டமும் ஓர் உந்து ஊசியின் தலை தொட்ட இடம். பட்டறையில் இதை 'எஜெக்டர் பின்' என்பார்கள். அச்சு மூடியிருக்கும்போது இந்த ஊசிகளின் தலை கருவின் பரப்போடு சமமாக நிற்கும். அச்சு திறந்ததும் பின்னாலிருக்கும் ஒரு தகடு எல்லா ஊசிகளையும் ஒருசேர முன்னே தள்ள, பொருள் கழன்று வரும்.

ஊசி மலிவானது, செய்ய எளிதானது. ஆனால் அதன் தலை சிறியது. நம் உருளையின் 6,950 நியூட்டன் விசையை 8 மி.மீ. விட்டமுள்ள நான்கு ஊசிகளால் தள்ளுவதாகக் கொள்வோம். நான்கு தலைகளின் மொத்தப் பரப்பு 201 சதுர மி.மீ. தகைவு சுமார் 35 மெகாபாஸ்கல். பாலிபுரொப்பிலீன் நன்கு குளிர்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 30 முதல் 35 மெகாபாஸ்கலில் விட்டுக்கொடுக்கத் தொடங்கும். சூடான நிலையில் கேட்கவே வேண்டாம். வாளி வருவதற்குப் பதிலாக ஊசி வாளியைத் துளைத்துக்கொண்டு வரும். அல்லது அந்த இடம் வெளுத்துப் போகும்.

இதே விசையை வாளியின் விளிம்பு முழுவதிலும் பரப்பினால்? விளிம்பின் பரப்பு 1,257 சதுர மி.மீ.; தகைவு ஐந்தரை மெகாபாஸ்கல்தான். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! இதனால்தான் வாளி, குவளை போன்றவற்றுக்கு ஊசியை நம்பாமல், கருவைச் சுற்றி வளையம்போல் அமைந்த 'ஸ்ட்ரிப்பர்' தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். பலாக்கொட்டையின் தோலை விளிம்பில் பிடித்து உரிப்பதுபோல் அது விளிம்பைச் சுற்றிலும் ஒரே சீராகத் தள்ளும், வடுவும் விழாது.

திருகு பொருத்தும் குழல்போன்ற பகுதிகளுக்கு, ஊசியைச் சுற்றிய உறை தள்ளும். குறுகிய விலா எலும்புபோல் ஓடும் பகுதிகளுக்குத் தட்டையான அலகு தள்ளும். பக்கவாட்டில் கொக்கிபோல் மடிந்திருக்கும் பகுதிகளை நேராகத் தள்ளினால் ஒடிந்துபோகும். அங்கே சாய்வாக நகரும் உறுப்பு ஒன்று, பொருளைத் தள்ளிக்கொண்டே தானும் பக்கவாட்டில் விலகும். மோட்டார் வண்டி முன்காப்பின் அச்சில் இத்தகைய சாய்வு உறுப்புகள் நிறைய இருக்கும்.

வெற்றிடத்துக்கு மருந்து காற்றுதான். கருவின் தலையில் காளான் வடிவில் ஒரு சிறு அடைப்பான் வைத்து, அச்சு திறந்ததும் அதன் வழியே அழுத்திய காற்றைச் செலுத்துவார்கள். வெற்றிடம் நீங்குவது மட்டுமன்று. வளிமண்டலத்தைவிட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தம் இருந்தாலே, 20 செ.மீ. அடிப்பாகத்தை அது மேலும் 3,100 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையால் வெளியே தள்ளும். எதிரியாக இருந்த காற்று இவ்வாறு நண்பனாகிறது.

பெரிய அச்சின் பெரிய தொல்லைகள்

சிறிய மூடி, பொத்தான் போன்றவற்றின் அச்சில் மேலே சொன்னவை போதும். ஆனால் நாற்காலி, பழக்கூடை, முன்காப்பு ஆகியவற்றின் அச்சுகள் பல டன் எடையுள்ளவை. சிறிய அச்சை அப்படியே பெருக்கி வரைந்தால் பெரிய அச்சு வந்துவிடாது. எலியைப் பெருக்கினால் யானை ஆகாது என்பதுபோலத்தான். குறிப்பாக மூன்று தொல்லைகள் எழுகின்றன.

முதலாவது, ஊசியின் நீளம். பெரிய அச்சில் கருவின் தடிப்பைக் கடந்து வர வேண்டியிருப்பதால், அரை மீட்டர் நீளமுள்ள ஊசிகளும் உண்டு. நீண்ட மெல்லிய கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்னரே வளைந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குக் கண்ட விதிப்படி, தாங்கும் சுமை விட்டத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்திலும் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 6 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் உள்ள எஃகு ஊசி, இரு முனைகளும் கீல்போல் தாங்கப்பட்டால், சுமார் 1,400 நியூட்டனில் வளையும். நீளத்தை 600 மி.மீ. ஆக்கினால் 350 நியூட்டனிலேயே வளைந்துவிடும். மாறாக, 300 மி.மீ. ஊசியின் விட்டத்தை 12 மி.மீ. ஆக்கினால் 22,000 நியூட்டனைத் தாண்டும். ஆகவே பெரிய அச்சில் தடித்த ஊசிகளையே தேடுவர். மெல்லிய தலை தேவைப்படும் இடத்தில், அடிப்பகுதி தடித்தும் நுனி மட்டும் மெலிந்தும் உள்ள ஊசியை வைப்பர்.

இரண்டாவது, தகட்டின் கோணல். மேசை இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கிக்கொள்ளும். நடுவில் பிடித்தால் வழுக்கி வரும். ஊசிகளைத் தாங்கும் தகடு ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, பல நூறு கிலோ எடையோடு இருக்கும்போது, நடுவில் மட்டும் தள்ளினாலும் சிக்கல்தான். பொருள் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் எளிதாகக் கழன்றால் தகடு சாயும். சாய்ந்த தகடு ஊசிகளை வளைக்கும், துளைகளை அரிக்கும். இதைத் தவிர்க்கத் தகட்டின் மூலைகளில் வழிகாட்டித் தூண்களும் புதர்களும் வைக்கப்படும். ஒரே இடத்தில் தள்ளாமல் பல தண்டுகளால் தள்ளுவர். அல்லது நான்கு பக்கமும் எண்ணெய் அழுத்த உருளைகளை வைத்து ஒருசேர இயங்கச் செய்வர். ஓர் உருளை முந்தி, மற்றொன்று பிந்தினால் பழைய கதைதான். ஆதலால் எண்ணெயைச் சமமாகப் பங்கிட்டுத் தரும் அமைப்பும் வேண்டும். தகடு பின்னே வந்து அமரும் இடத்தில் முழுப் பரப்பும் தொடாமல் சிறு சிறு மேடைகள் மட்டும் இருக்கும். இல்லையேல் ஒரு துளி பிளாஸ்டிக் துணுக்கு இடையில் விழுந்தாலும் தகடு சமமாக அமராது.

மூன்றாவது, வெப்ப விரிவு. இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. அச்சு ஓடும்போது கருத்தகடு 60 பாகை செல்சியஸிலும், பின்னால் இருக்கும் ஊசித்தகடு 30 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். எஃகின் நீள்விரிவுக் கெழு ஒரு பாகைக்கு 0.000012. நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருக்கும் ஊசியின் இடத்தில், இரண்டு தகடுகளும் 0.18 மி.மீ. வேறுபட்டு நிற்கும். ஊசிக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளியோ 0.02 அல்லது 0.03 மி.மீ. தான், அதற்குமேல் விட்டால் பிளாஸ்டிக் அதில் கசிந்து பிசிறு எழும்பும். அப்படியானால் ஓரத்து ஊசிகள் எல்லாம் இறுகிச் சிக்கிக்கொள்ள வேண்டுமே! இதற்கு வடிவமைப்பாளர் கண்ட வழி மிக எளிது. பின் தகட்டில் ஊசியின் தலை உட்காரும் பள்ளத்தைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, ஊசியை இறுக்காமல் ஆட விட்டுவிடுகிறார். முன்துளை எங்கே நகர்கிறதோ அங்கே ஊசியும் நகர்ந்துகொள்ளும். இறுக்கிப் பிடிப்பதே வலிமை என்று நினைக்கிறோம். சில இடங்களில் சிறிது விட்டுக்கொடுப்பதே வலிமை.

காலமும் ஒழுங்கும்

எப்போது தள்ளுவது என்பதும் முக்கியம். சீக்கிரம் தள்ளினால் பொருள் இளகிய நிலையில் இருக்கும், ஊசி பதிந்துவிடும். தாமதித்தால் மேலும் சுருங்கிக் கருவை நெரிக்கும், உற்பத்தியும் குறையும். குளிரும் நேரம் சுவரின் தடிப்பின் இருமடியைப் பொறுத்தது. தடிப்பு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. எனவே பொருளை வடிவமைப்பவரும் அச்சை வடிவமைப்பவரும் முதலிலேயே கலந்து பேசுவது நல்லது.

தள்ளிய ஊசிகள் அச்சு மூடுமுன் பின்வாங்கிவிட வேண்டும். பின்வாங்காத ஊசியின்மீது டன் கணக்கான விசையோடு குழி வந்து மோதினால் இரண்டும் பாழ். ஆகவே திருப்பு ஊசிகள் வைத்து மூடும் விசையாலேயே தகட்டைப் பின்னுக்குத் தள்ளுவர். பக்கவாட்டில் நகரும் பகுதிகள் இருந்தால் அது போதாது. தகடு பின்னே அமர்ந்ததை ஒரு மின்விசை தொட்டுச் சொன்ன பிறகே இயந்திரம் மூடத் தொடங்கும்.

கையை விழுங்கும் பிழை

இவ்வளவு நுணுக்கத்தையும் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்று சிலர் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சென்னைப் புறநகரில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பட்டறையில் இயந்திரம் ஓட்டுகிறார். நான் கட்டும் கல்விக் கட்டணம் அந்த இயந்திரத்திலிருந்து வருவதுதான். அங்கே பழைய வாளி அச்சு ஒன்று இருந்தது. அதன் காற்று அடைப்பான் அடைபட்டுப் போய், சரி செய்யப்படாமலே ஓடியது. நாலைந்து வாளிக்கு ஒன்று கருவிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் காப்புக் கதவைத் திறந்து, பித்தளைக் கம்பியால் நெம்பி எடுக்க வேண்டும். கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும், மறுபடி தொடங்க நேரமாகும், கணக்குக் குறையும். எனவே கதவின் மின்விசையைக் கம்பியால் கட்டிவிட்டிருந்தார்கள். ஓர் இரவு முறையில் அச்சு மூடியபோது அண்ணனின் வலக்கைச் சுட்டுவிரல் நுனி உள்ளே இருந்தது. இன்று அவர் கையெழுத்துப் போடப் பேனாவை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே பிடிக்கிறார்.

"மிஷின் மேல கோவப்பட்டு என்னடா ஆகப்போவுது? வாளி தானா விழுந்திருந்தா நான் ஏன்டா கைய விடுறேன்?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். எத்தனையோ பாடநூல்களைப் புரட்டிய எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. தொழிலாளி அச்சுக்குள் கையை விடுவது அறியாமையால் அன்று, பொருள் வராததால். பொருள் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது சரிவிலோ, காற்றிலோ, ஊசியிலோ, பராமரிப்பிலோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முடியும்.

இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தன் 21ஆம் பிரிவில் வலியுறுத்தியது. முறையாக அமைந்த இயந்திரத்தில் கதவு திறந்திருந்தால் மின்சாரமும் அறுபடும், எண்ணெய் அழுத்தமும் தடைபடும், இரும்புத் தடி ஒன்று குறுக்கே விழுந்து அச்சை மூடவிடாமலும் தடுக்கும். பெரிய ஆலைகளில் இன்று இயந்திரக் கைகளே பொருளை எடுத்து வைக்கின்றன. இயந்திரக் கை வாங்க வசதியில்லாத சிறு பட்டறைகளிலும் செய்யக்கூடியவை உண்டு. கதவின் விசையைக் கட்டாதிருக்கலாம். காற்று அடைப்பானை வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கலாம். வளைந்த ஊசியை உடனே மாற்றலாம். பொருள் சிக்கும் ஒவ்வொரு முறையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், எங்கே நோய் என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். எங்கள் அண்ணன் இப்போது வேலை செய்யும் இயந்திரத்தின் அருகே அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. நான் விடுமுறையில் போகும்போதெல்லாம் அதை வாங்கிப் பார்ப்பேன். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

முடிவுரை

உராய்வு, சுருக்கம், வளிமண்டல அழுத்தம், சாய்தளம், வெப்ப விரிவு, தூணின் வளைவு ஆகிய ஆறும் நம் பாடத்திட்டத்தில் ஆறு தனித்தனி அலகுகளாக இருக்கின்றன. தேர்வுக்கு முதல் நாள் அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறோம். ஒரு வாளி அச்சில் அவை ஆறும் ஒரே நேரத்தில், ஒரே நொடியில் வேலை செய்கின்றன. அவற்றுள் ஒன்றை வடிவமைப்பாளர் மறந்துவிட்டாலும், அந்த மறதிக்கான விலையை அவர் கொடுப்பதில்லை. இயந்திரத்தின் முன் நிற்பவர் கொடுக்கிறார்.

இயற்பியல் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. ஆசிரியராகலாம், அலுவலராகலாம், அவையும் நல்லனவே. நம்மைப்போல் அரசு கலைக் கல்லூரிக்கு வந்த பலருடைய வீட்டில் யாரோ ஒருவர் ஏதோ ஓர் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருக்கிறார்: தறியிலோ, அரவை ஆலையிலோ, பட்டறையிலோ. அடுத்த விடுமுறையில் அவரோடு உட்கார்ந்து, அந்த இயந்திரம் எங்கே சிக்குகிறது என்று கேளுங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். நாம் கற்ற கல்விக்கு அங்கே வேலை இருக்கிறது.